ஜாக் என் ஜில்: ஒரு வேடம் நடந்த தூரம்

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே ஒரு சிக்கல். 1954-ல் மணிலாவில் வெளிவந்த ‘ஜாக் என் ஜில்’ என்ற நகைச்சுவைப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். ஆணாகப் பிறந்து நடையிலும் உடையிலும் பேச்சிலும் பெண்ணாக இருக்கும் ஒருவர். பெண்ணாகப் பிறந்து ஆணைப் போல வாழும் அவருடைய சகோதரி. அவன் என்று எழுதுவதா, அவள் என்று எழுதுவதா? தமிழில் வினைமுற்றிலேயே பால் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. வந்தான், வந்தாள் என்று சொல்லாமல் ஒருவரை வீட்டுக்குள் வரவைக்க முடியாது. மரியாதை விகுதிதான் ஒரே புகலிடம்.

பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் இந்தக் கஷ்டம் கிடையாது. ‘சியா’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் போதும். உடன்பிறந்தவர் ஆணோ பெண்ணோ, ‘கபாதீத்’ என்பதே சொல். அதனால் ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாறி நிற்கும் கதையில் சிரிப்பு இலக்கணத்திலிருந்து வராது. நடை, இடுப்பு, விரல், குரல், சட்டை என்று கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களிலிருந்துதான் வந்தாக வேண்டும். இந்தக் கதை முதலில் படக்கதையாகப் பிறந்ததும், அப்புறம் நடனம் பழகிய ஒரு நடிகரிடம் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு வேடத்தைத்தான். 1954-ல் சிரிப்புக்காகப் போட்ட வேடம் டோல்ஃபி என்ற அந்த நடிகரை விடவே இல்லை. அதை வைத்துப் பின்னாளில் ஒரு தேசிய விருதுக்காக வழக்குப் போன்ற ஒரு விவாதமே நடந்தது. அந்த வழக்கில் நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லப்போகிறேன்.

பதினைந்து நாளுக்கு ஒரு அத்தியாயம்

பிலிப்பைன்ஸில் படக்கதைக்கு ‘கோமிக்ஸ்’ என்று பெயர். அமெரிக்கர் ஆட்சியில் வந்த சொல்தான், ஆனால் எழுத்தும் உச்சரிப்பும் தகாலோக். 1929 ஜனவரியில் ‘லிவாய்வாய்’ வார இதழில் தோனி வெலாஸ்கெஸ் வரைந்த கென்கோய் என்ற பாத்திரம் வந்தது. எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை, தொளதொளவென்ற கால்சட்டை, ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் தகாலோக்கில் போட்டுப் பிசைந்த பேச்சு. அமெரிக்க மோகத்தில் திரிந்த மணிலா இளைஞனின் அச்சு அசல். அந்தப் பெயரே மொழிக்குள் போய்விட்டது. இன்றும் கோமாளித்தனமாக நடந்துகொள்பவரைக் ‘கெங்கோய்’ என்கிறார்கள். ஒரு கார்ட்டூன் பெயர் அகராதிச் சொல்லாவது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் மணிலா தரைமட்டமானது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே, அமெரிக்கச் சிப்பாய்கள் படித்துப் போட்டுவிட்டுப் போன காமிக்ஸ் புத்தகங்கள் கைக்குக் கை மாறின. 1947 ஜூனில் ‘பிலிபினோ கோமிக்ஸ்’ தொடங்கியது. ஏஸ் என்ற பதிப்பகம். பொறுப்பில் அதே தோனி வெலாஸ்கெஸ். மாதம் இருமுறை இதழ். அதைத் தொடர்ந்து வேறு இதழ்களும் வந்தன. வாங்க முடியாதவர்கள் தெருவோரக் கடையில் சில்லறை கொடுத்து வாடகைக்கு எடுத்து, அங்கேயே பலகையில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அச்சான பிரதிகளைவிடப் பல மடங்கு பேர் கதையைப் படித்திருந்தார்கள். சினிமாக்காரர்கள் மோப்பம் பிடித்தது இதைத்தான். கதை தெரிந்த கூட்டம் தயாராக இருக்கிறது, முகம் மட்டும் கொடுத்தால் போதும்.

அந்தக் காலத்துக் கோமிக்ஸ் எழுத்தாளர்களில் மார்ஸ் ரவேலோவுக்கு நிகர் இல்லை என்பேன். கவித்தே மாகாணத்தின் தன்ஸா ஊரில் 1916-ல் பிறந்தவர். பறக்கும் வீராங்கனை தர்னா, கடல்கன்னி தியெசெபெல், ரப்பர் போல நீளும் லாஸ்டிக்மேன் எல்லாம் அவருடைய பிள்ளைகள். ஆனால் அவரை மாயாஜாலக் கதைக்காரர் என்று மட்டும் நினைத்தால் பாதி ரவேலோவைத் தவறவிடுவோம். வீடுதான் அவருடைய இன்னொரு களம். வளர்ந்த பிறகும் குழந்தை போலவே இருக்கும் ஆண்மகன் போன்டியிங் அவர் படைப்பு. அந்தப் பெயரும் பேச்சு வழக்கில் கலந்தது. ‘ஜாக் என் ஜில்’ இந்த வரிசையில் வருவது. அம்மாவும் அப்பாவும் எதிர்பார்த்த வார்ப்பில் பொருந்தாத பிள்ளை என்ன ஆகிறது என்ற கேள்வியை ரவேலோ திரும்பத் திரும்பக் கேட்டார். வால் முளைத்த தியெசெபெல்லும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைதானே?

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கும் ஜில்லும் மலையேறி விழுந்த பாட்டு நமக்கும் தெரியும். அமெரிக்க ஆட்சியில் ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்த பிலிப்பினோக்களுக்கும் அது மனப்பாடம். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று குழந்தைக்கே தெரிந்த அந்த ஜோடியை எடுத்து இடம் மாற்றிவைப்பதில் தலைப்பே பாதி நகைச்சுவையைச் செய்துவிடுகிறது. நடுவில் வரும் ‘என்’, ஆங்கில இணைப்புச் சொல்லைத் தகாலோக் நாக்கு சொல்லும் விதம்.

மல்லிகைப் பெயர் கொண்ட ஸ்டூடியோ

படத்தை எடுத்தது சம்பகீத்தா பிக்சர்ஸ். சம்பகீத்தா என்பது பிலிப்பைன்ஸின் தேசிய மலர். நம் ஊர் குண்டுமல்லியேதான், பெயரில் சண்பகத்தின் வாசனையும் இருக்கிறது. 1937-ல் தொடங்கிய நிறுவனம். ஐம்பதுகளில் எல்விஎன் ஸ்டூடியோவும் இதுவும்தான் பெரிய போட்டியாளர்கள். நடிகர்களை மாதச் சம்பளத்தில் வைத்து, ஜோடிகளை உருவாக்கி, வருடம் முழுக்கப் படம் தள்ளிய அமைப்பு.

1951-ல் சம்பகீத்தாவில் தீப்பிடித்துப் பெரும் நஷ்டம். அதே வருடம் அவர்கள் எடுத்த ‘ரொபெர்த்தா’ என்ற படம் பெரும் வசூல் செய்து கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. சிறுமி டெஸ்ஸி அகானா நடித்த கண்ணீர்க் கதை, மார்ஸ் ரவேலோவின் கோமிக்ஸிலிருந்து எடுத்தது. அதன் பிறகு ரவேலோவின் தொடர் எதுவாக இருந்தாலும் ஸ்டூடியோவுக்கு அது நம்பகமான சரக்கு. ‘ஜாக் என் ஜில்’ படமாக வந்ததற்குக் கலைக் காரணங்களைத் தேட வேண்டாம். முதல் காரணம் இதுதான்.

இயக்கியவர் மார் எஸ். தோரெஸ். நாயகன் ரொஹெலியோ தெ லா ரோசா. அன்று உச்சத்தில் இருந்த காதல் நாயகன். மூன்றே வருடத்தில், 1957-ல், செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆணைப் போல வாழும் சகோதரி லோலிதா ரொட்ரிகெஸ். பின்னாளில் லீனோ ப்ரோக்காவின் ‘தினிம்பாங் கா ஙுனித் குலாங்’ படத்தில் ஊர் துரத்தும் பைத்தியக்காரியாக மறக்க முடியாத நடிப்பைத் தந்தவர் இவர்தான். பெண்ணைப் போல வாழும் சகோதரனாக நடித்தவர் டோல்ஃபி. வயது 25, சம்பகீத்தாவுக்குக் கிட்டத்தட்டப் புதுமுகம்.

நிலக்கடலை விற்ற பையன்

டோல்ஃபியின் முழுப்பெயர் ரொடோல்ஃபோ வேரா கீசோன். 1928-ல் மணிலாவின் தோண்டோவில் பிறந்தார். சிறுவயதில் தியேட்டர்களில் நிலக்கடலையும் தர்பூசணி விதையும் விற்றார். விற்றுக்கொண்டே படமும் மேடை நிகழ்ச்சியும் பார்த்தார். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் சினிமா எடுப்பது நின்றுபோனதும், மணிலாத் தியேட்டர்கள் ‘போடாபில்’ என்ற கதம்ப மேடைக்குத் திரும்பின. பாட்டு, நடனம், துணுக்கு நாடகம் எல்லாம் கலந்த நிகழ்ச்சி. அங்கே கொடிகட்டிப் பறந்த ஜோடி பூகோவும் தோகோவும். கை நிறையக் கைக்கடிகாரம் கட்டிய ஜப்பானியச் சிப்பாய்களாக வேடம் போட்டுச் சிறைக்குப் போனவர்கள். தோகோ என்ற பெயர் ஜப்பானியப் பிரதமர் தோஜோவை நினைவூட்டியதால், தூகோ என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

டோல்ஃபி இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ‘கோலாய்’ என்ற பெயரில் நடனக்காரராக மேடையேறினார். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ‘ஜாக் என் ஜில்’லில் அவர் செய்ததை நான் முதலில் உடல் வேலையாகப் பார்க்கிறேன். மேடையின் கடைசி வரிசைக்கும் தெரியும்படி தோளால் பேசக் கற்ற ஒருவருக்கு, கட்டத்துக்குள் அடைத்து வரையப்பட்ட கோமிக்ஸ் உருவத்தை எழுப்பி நடக்கவைப்பது இயல்பாக வரும். படக்கதையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலை. போடாபில் துணுக்கும் அப்படித்தான்: நில், பார், திரும்பு, சொல்.

படம் ஓடியது. டோல்ஃபி நட்சத்திரமானார்.

இரண்டு வேடம், இரண்டு தராசு

கதையின் எலும்பு எளிமையானது. ஆண்தோரணைச் சகோதரி பணக்கார வீட்டில் டிரைவராக வேலைக்குச் சேர்கிறார். முதலாளியிடம் மனதைப் பறிகொடுக்கிறார். பெண்தோரணைச் சகோதரன் அந்தப் பக்கம் சிரிப்புக் காட்சிகளைச் சுமக்கிறார். கடைசியில் இருவரும் ‘சரியாகிறார்கள்’. சகோதரி பெண்ணாகிறார், சகோதரன் ஆணாகிறார்.

சகோதரி ஆண் உடையில் இருக்கும்போதும் படம் அவரை அழகாகவே காட்டும். ஏனென்றால் காதல் நாயகன் அவரைத்தான் கைப்பிடிக்க வேண்டும். டிரைவர் தொப்பி தற்காலிகம் என்று பார்வையாளருக்கு முதலிலிருந்தே தெரியும். சகோதரனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் ஆசைப்படுவது எதற்கும் படத்தில் இடம் கிடையாது. அவருடைய தோற்றமே நகைச்சுவை. ஆண் வேடத்துக்கு ஏறும் பெண்ணை மன்னிக்கிற மனசு, பெண் வேடத்துக்கு ‘இறங்கும்’ ஆணைப் பார்த்துச் சிரிக்கிறது. மேலே, கீழே என்று எதை வைத்திருக்கிறோம் என்பது இந்தச் சிரிப்பில் வெளிச்சமாகிவிடுகிறது.

இப்படிப்பட்டவரைக் குறிக்கத் தகாலோக்கில் உள்ள சொல் ‘பக்லா’. பழைய தகாலோக்கில் அதற்குத் தயங்குதல், கலங்குதல் என்ற பொருள் இருந்தது. ஸ்பானியர் வந்த புதிதில் எழுதிய குறிப்புகளில், ஆணாகப் பிறந்து பெண் உடையில் பூசாரிகளாக இருந்தவர்களைப் பற்றிய செய்திகள் வருகின்றன. விசாயாஸ் தீவுகளில் அவர்களை ‘அசோக்’ என்று அழைத்தார்கள். ஊர் மரியாதையோடு பார்த்த ஒரு இடம் அது. முன்னூறு வருட ஸ்பானிய மதபோதனைக்கும் அதன்பின் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு, அதே இடத்தில் சிரிப்பும் அடியும் மிஞ்சின. மகனைத் தண்ணீர் டிரம்முக்குள் முக்கி எடுத்து, “நீ ஆம்பளையா இல்லையா?” என்று அப்பா கேட்கும் காட்சி பிலிப்பைன்ஸ் நகைச்சுவையில் வழிவழியாக வருவது. வீடுகளிலும் அது நடந்திருக்கிறது. திரையில் பார்த்துச் சிரித்த குழந்தைகளில் சிலர் அன்றிரவு வீட்டில் தூங்கியிருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு எனக்கு இந்தப் படங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் வரும்.

அப்படியானால் படம் வெறும் கேலியா? அங்கே நான் தயங்குகிறேன். முடிவில் ‘சரியாவது’ ஸ்டூடியோவின் நிபந்தனை. காதல் நாயகன் இருந்தால் கல்யாணம் இருந்தாக வேண்டும். கத்தோலிக்க நாட்டில் குடும்பத்தோடு வந்து பார்க்கும் படத்துக்கு வேறு முடிவு எழுதவே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மக்கள் மனதில் நின்றது முடிவா? ஆணாக மாறிய டோல்ஃபியை யாரும் மறுபடி கேட்கவில்லை. கையை மடக்கி, இடுப்பை ஒடித்து, வீட்டையே தன் மேடையாக்கிய அந்த நடுப்பகுதி டோல்ஃபியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ஃபசிஃபிகா

1969-ல் அதே ரவேலோவின் கோமிக்ஸ் ஒன்று மறுபடி டோல்ஃபியிடம் வந்தது: ‘ஃபசிஃபிகா ஃபலாய்ஃபாய்’. இயக்கம் லூசியானோ பி. கார்லோஸ். பெண் குழந்தைக்கு ஏங்கிய தாய், பிறந்த மகனைப் பெண்ணாகவே வளர்த்துவிடுகிறார். பெயர் பசிஃபிகோ என்று இருக்க வேண்டியது. ஆனால் ப வரும் இடத்திலெல்லாம் ஃப. தகாலோக்கில் இயல்பாக ஃப ஒலி கிடையாது, நம்மைப் போலவேதான். நாம் ஆய்த எழுத்தைத் துணைக்கு வைத்து எழுதிக்கொள்கிறோம். அங்கே ப-வை ஃப-வாகச் சொல்வது மினுக்கலின் அடையாளம். ஒரு மெய்யெழுத்தை மாற்றி ஒரு ஆளையே உருவாக்கிவிட்டார் ரவேலோ. இந்தப் படத்திலும் பிலார் பிலாபில் நடித்த பெண்ணின் மேல் காதல் வந்ததும் எல்லாம் ‘சரியாகிறது’.

பதினைந்து வருட இடைவெளியில் கதை நகர்ந்திருக்கிறதா? ஒரு விதத்தில் பின்வாங்கியிருக்கிறது என்றே சொல்வேன். ‘ஜாக் என் ஜில்’லில் ஏன் இப்படி என்ற கேள்விக்கு உடன்பிறந்தோர் இருவரும் மாறி நிற்பதே விடை, அதில் விளையாட்டு இருந்தது. ஃபசிஃபிகாவில் தாய் செய்த தவறுதான் காரணம் என்றாகிவிட்டது. குறையாகப் பார்த்தால்தானே காரணம் தேடுவார்கள்? ஆனாலும் ஃபசிஃபிகா பெரிய வெற்றி. தொடர்ச்சிகள் வந்தன. அந்தப் பெயர் நாட்டுக்கே தெரிந்த பெயரானது.

1978-ல் லீனோ ப்ரோக்கா அந்தப் பிம்பத்தைக் கையில் எடுத்தார். ‘அங் தாத்தாய் கோங் நானாய்’. என் அப்பாதான் என் அம்மா என்று பொருள். திரைக்கதை ஓர்லாண்டோ நாத்ரெஸ். இது கோமிக்ஸ் கதை அல்ல. டோல்ஃபி இதில் கோரிங் என்ற பக்லா. காதலன் தன் கைக்குழந்தையைக் கோரிங்கிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். கோரிங் அந்தப் பையனை வளர்க்கிறார். பையன் ஆணாக வளர வேண்டும் என்று தன்னுடைய மினுக்கலை அவனிடமிருந்து மறைக்கப் படாதபாடு படுகிறார். அதே தோள், அதே விரல்கள், ஆனால் இப்போது அவற்றை அடக்கிவைப்பதுதான் நடிப்பு. ‘ஜாக் என் ஜில்’ அவற்றை விரித்துக் காட்டியது. இந்தப் படம் மடக்கிக் காட்டியது. மடக்கும்போது எவ்வளவு வலிக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய, முதலில் விரித்தது நினைவில் இருக்க வேண்டும். இருபத்துநான்கு வருடம் பார்த்துச் சிரித்த கூட்டத்துக்கு அது நினைவில் இருந்தது. கோரிங் கடைசியில் ‘சரியாகவில்லை’. அப்பாவாகவே, பக்லாவாகவே இருந்தார்.

விருது வழக்கு

2009-ல் பிலிப்பைன்ஸின் தேசியக் கலைஞர் விருதுக்கு டோல்ஃபியின் பெயர் பரிசீலனைக்கு வந்தது. முதல் சுற்றைத் தாண்டி, பிறகு நின்றுபோனது. 2012-ல் சினிமா, நாடக வரலாற்றறிஞர் நிக்கனோர் தியோங்சோன் தான்தான் எதிர்த்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்ன காரணம் இரண்டு வேடங்கள். ஒன்று ஃபசிஃபிகா போன்ற பக்லா. அது ஒருபால் விருப்பத்தைக் கோளாறாகவும் வெற்றுக் கூத்தாகவும் காட்டியது என்றார். மற்றொன்று ‘ஜான் என் மார்ஷா’ தொலைக்காட்சித் தொடரின் ஜான் புருந்தோங். ஏழையைச் சோம்பேறியாகக் காட்டியது என்றார்.

இந்த விஷயத்தில் கோபப்பட்டவர்கள் அநேகம். டோல்ஃபி மருத்துவமனையில் உயிருக்குப் போராடிய வருடம் அது. ஜூலை 10-ல் காலமானார். 2009-ல் அதே விருதுக்கு அதிபர் குளோரியா மகபகால் அரோயோ தன் விருப்பத்தில் நான்கு பெயர்களைச் சேர்த்திருந்தார். அதில் ஒருவர் கோமிக்ஸ் கதாசிரியரும் இயக்குநருமான கார்லோ ஜே. கபாராஸ். கலைஞர்கள் வழக்குப் போட, 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்த நால்வர் நியமனத்தை ரத்து செய்தது. இந்தப் பின்னணியில் மக்கள் கொதித்தது புரிகிறது.

ஆனால் தியோங்சோன் கேட்ட கேள்வியை நான் தள்ளமாட்டேன். ஃபசிஃபிகாவைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மகனை டிரம்முக்குள் முக்கிய அப்பாவுக்குப் படம் மறுப்புச் சொல்லவில்லை, நியாயம்தான் கொடுத்தது. நான் மாறுபடுவது ஒரு நடிகரை எடைபோடும் விதத்தில். ரவேலோ எழுதிய முடிவையும், ஸ்டூடியோ கேட்ட கல்யாணத்தையும், டோல்ஃபி உடலால் செய்ததையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. முடிவு அவரை மாற்றச் சொன்னது. அவர் மாறுவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்துக்கு உயிர் கொடுத்தார். பக்லாவாக இருந்த ஒரு பையனுக்கு ஐம்பதுகளின் மணிலாவில், தன் போன்ற ஒருவரைக் கூட்டம் நேசித்துப் பார்க்கிறது என்று தெரிந்த முதல் இடம் அந்த ஒன்றரை மணி நேரமாக இருந்திருக்கலாம். அந்த நேசத்தோடு சிரிப்பும் கலந்திருந்தது. இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் இந்த வேடத்தின் சங்கடம்.

வழக்குக் கோப்பில் இன்னொரு ஆவணத்தையும் வைக்க வேண்டும். 2000-ல் கில் போர்த்தெஸ் இயக்கத்தில் ‘மார்க்கோவா’ வந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினரால் பாலியல் அடிமையாக்கப்பட்ட வால்டெரினா மார்க்கோவா என்ற பக்லாவின் உண்மைக் கதை. வயதான மார்க்கோவா கேமரா முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறார். அந்த முதிய மார்க்கோவா டோல்ஃபி. எழுபதைத் தாண்டிய வயது. இளவயது மார்க்கோவாவாக நடித்தவர்கள் அவருடைய சொந்த மகன்கள் எரிக்கும் ஜெஃப்ரியும். மணிலா மேடைகளில் தொடங்கிய அந்தத் தோள் அசைவு இதிலும் இருக்கிறது, மிகச் சிறியதாக. யாரும் அவரை ஆணாக்கவில்லை. ப்ரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிப்புக்கான பரிசு ஒரே வேடத்துக்காக அப்பா, இரண்டு மகன்கள் மூவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.